எதுக்கு, எது வரைக்கும்?

பாளையங்கோட்டையில் ஒரு மருந்துக் கடையில் மருந்தாளுநராக இருக்கிறேன். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் டாக்டர் சீட்டைக் கொண்டுவருவதில்லை. ஓரம் கத்தரித்த பழைய அட்டையை நீட்டி, "இதே மாத்திரை ஒரு மாசத்துக்குக் குடு தாயி" என்பார்கள். திருப்பிப் பார்த்தால் அடிக்கடி அது ஆஸ்பிரினாகவோ குளோபிடோக்ரெலாகவோ இருக்கும். இல்லையென்றால் இரண்டும் கொழுப்பு மாத்திரையும் ஒன்றாகச் சேர்ந்த கூட்டு மாத்திரையாக இருக்கும். "இதை எதுக்குப் போடுதிய?" என்று கேட்டால் "ஹார்ட்டுக்கு" என்று உடனே பதில் வரும். "எது வரைக்கும் போடச் சொன்னாவ?" என்று கேட்டால் பதில் வராது.

அந்த இரண்டாவது கேள்விக்காகத்தான் இந்தப் பதிவை எழுதுகிறேன். ரத்தத் தட்டணுக்களை அடக்கி வைக்கிற இந்த மாத்திரைகளைச் சிலர் மூன்று வாரம் போட வேண்டும், சிலர் ஒரு வருஷம், சிலர் ஆயுள் முழுக்க. தேதிக்கு முன்னால் நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளலாம். தேதி தாண்டியும் போட்டுக்கொண்டே இருந்தால் வயிற்றிலோ மூளையிலோ ரத்தம் கசியலாம். இரண்டு வகையிலும் கஷ்டப்பட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் யாரும் அலட்சியக்காரர்கள் இல்லை. யாரும் அவர்களுக்கு உட்கார்ந்து விளக்கிச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

டெங்கு வந்த பிறகு தட்டணுவின் பிளேட்லெட் என்ற ஆங்கிலப் பேர் எல்லா வீட்டுக்கும் தெரியும். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சத்திலிருந்து நான்கரை லட்சம் வரை இருக்கும். எலும்பு மஜ்ஜையில் உருவாகி, ஏழு முதல் பத்து நாள் வரை உயிரோடு இருந்து, பிறகு அழிந்துவிடும். கை கீறினால் முதலில் ஓடிவருவது இவைதான். தாமிரபரணிக் கால்வாயில் கரை உடைந்தால் முதலில் மணல் மூட்டையை அடுக்குவார்கள், அப்புறம் இடுக்கெல்லாம் மண்ணைக் கொட்டி இறுக்குவார்கள். தட்டணுக்கள் அந்த மூட்டைகள். பின்னால் வந்து இறுக்குவது ஃபைப்ரின் என்கிற நார்ப்புரதம்.

வெளிக்காயத்தில் இது உயிரைக் காக்கிறது. இதயத் தமனிக்குள் இதே வேலை நடந்தால் உயிர் போகிறது. அந்தத் தமனியின் அகலம் மூன்று, நான்கு மில்லிமீட்டர்தான். அதன் உள்சுவரில் வருஷக்கணக்காகப் படிந்த கொழுப்புத் திட்டின் மேல்தோல் ஒருநாள் பிய்கிறது. தட்டணுவுக்கு அது கையில் பட்ட கீறலா, இதயத்துக்குள் வந்த பிளவா என்று தெரியாது. வந்து ஒட்டுகிறது, மற்றவற்றையும் கூப்பிடுகிறது, சில நிமிஷங்களில் குழாய் அடைபடுகிறது. மாரடைப்பு பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. மூளைக்குப் போகும் குழாயில் நடந்தால் பக்கவாதம்.

ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் இந்தத் தட்டணுக்கள் ஒன்றை ஒன்று கூப்பிடுவதைத் தடுக்கின்றன. ரத்தம் தண்ணீர் மாதிரி ஆகிவிடுவதில்லை. "எனக்கு ரத்தம் ஏற்கெனவே கம்மி, இதைப் போட்டா இன்னும் நீத்துப் போயிரும்லா" என்று ஒரு ஆச்சி மாத்திரையை நிறுத்தியே விட்டார். ரத்தசோகை வேறு, இது வேறு என்று சொல்லிப் புரியவைக்க நேரம் எடுத்தது. இன்னொரு குழப்பமும் உண்டு. உலோக வால்வு வைத்தவர்கள் போடுகிற அசிட்ரோம், வார்ஃபரின் போன்றவை வேறு ஜாதி. அவை தட்டணுவைத் தொடாமல் ஃபைப்ரின் உருவாகிற பாதையில் வேலை செய்பவை. அவற்றுக்குத்தான் மாதாமாதம் ரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்கிற ஐ.என்.ஆர். பரிசோதனை. இரண்டு ஜாதியையும் ஒரே ஆள் போட வேண்டிய நிலைமையும் வரும். ஆனால் அவர்களுக்கு ரத்தக்கசிவு ஆபத்து பல மடங்கு ஏறும் என்பதால் டாக்டர் முடிந்தவரை சீக்கிரம் ஒன்றைக் குறைப்பார். பக்கத்து வீட்டுக்காரர் அசிட்ரோம் போடுகிறார் என்று தன் மாத்திரையை அதோடு ஒப்பிட்டுப் பேசுவது சரிவராது.

ஆஸ்பிரினின் வேலையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கும். தட்டணுவுக்குள் இருக்கிற காக்ஸ்-1 என்ற நொதியில் அது ஒட்டிக்கொண்டு நிரந்தரமாகக் கெடுத்துவிடுகிறது. மற்ற செல்லாக இருந்தால் புது நொதியைச் செய்துகொள்ளும். தட்டணுவுக்கு உட்கரு கிடையாது, அதனால் செய்ய முடியாது. அந்தத் தட்டணு சாகும் வரை முடங்கியே இருக்கும். மாத்திரை ரத்தத்தில் சில மணி நேரம்தான் இருக்கிறது, ஆனால் அதன் பலன் பத்து நாள் நிற்கிறது. தலைவலிக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் போடுகிற அதே மருந்தில் தினம் வெறும் 75 மில்லிகிராம் இதயத்துக்குப் போதுமாக இருப்பது இதனால்தான். அளவைக் கூட்டினால் இதயத்துக்குக் கூடுதல் பாதுகாப்பு வராது, வயிறுதான் புண்ணாகும்.

இதை மனிதர்கள் கண்டுபிடித்த விதமும் அழகானது. 1897இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் வலி மருந்தாகத்தான் ஆஸ்பிரின் உருவானது. அமெரிக்காவில் கலிபோர்னியாவில் லாரன்ஸ் கிரேவன் என்ற சாதாரண குடும்ப மருத்துவர், டான்சில் எடுத்த பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கலந்த சூயிங்கம் கொடுத்தார். நிறைய மென்றவர்களுக்கு ரத்தம் நிற்காமல் போவதைக் கவனித்தார். ரத்தம் உறையாமல் பண்ணுகிற மருந்து மாரடைப்பைத் தடுக்காதா என்று அவர் யோசித்து, 1950களின் முதற்பாதியிலேயே தன் நோயாளிகளுக்குக் கொடுத்து எழுதியும் வைத்தார். பெரிய ஆஸ்பத்திரிக்காரர்கள் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. 1971இல் ஜான் வேன் ஆஸ்பிரின் எப்படி வேலை செய்கிறது என்று காட்டினார், 1982இல் அதற்காக நோபல் பரிசில் பங்கு பெற்றார். 1988இல் ஐசிஸ்-2 ஆய்வு வெளியான பிறகுதான் உலகம் முழுக்க நம்பியது. மாரடைப்பு வந்த 17,187 பேரை வைத்துச் செய்த ஆய்வு அது. ஒரு மாதம் ஆஸ்பிரின் மட்டும் கொடுத்ததிலேயே இதய, ரத்தக்குழாய் மரணங்கள் 23 சதவீதம் குறைந்தன. அடைப்பைக் கரைக்கிற ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஊசியையும் சேர்த்தபோது 42 சதவீதம். ஒரு குடும்ப மருத்துவர் கண்ணால் பார்த்துச் சொன்னதை உலகம் ஒப்புக்கொள்ள நாற்பது வருஷத்துக்குப் பக்கமாக ஆகியிருக்கிறது. அதற்குள் எத்தனை பேர் போயிருப்பார்கள் என்று நினைத்தால் மனசு கனக்கிறது.

அந்த ஆய்வின் பலன் இன்றைக்கு நம் கிராமம் வரைக்கும் வந்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், நெஞ்சுவலியோடு வருகிறவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் 14 மாத்திரை கொடுக்கிறார்கள். 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் இரண்டு, 75 மில்லிகிராம் குளோபிடோக்ரெல் நான்கு, 10 மில்லிகிராம் அட்டோர்வாஸ்டாட்டின் எட்டு. அதைக் கொடுத்துவிட்டுத்தான் 108 ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது. முதல் தடவை கேட்கிறவர்களுக்கு ஒரே வாயில் 14 மாத்திரையா என்று பயமாக இருக்கும். பயப்பட வேண்டாம். தினம் ஒன்று போட்டால் குளோபிடோக்ரெல் முழு வேகம் எடுக்கச் சில நாள் ஆகும், மாரடைப்பில் அவ்வளவு நேரம் கிடையாது. அதனால்தான் முதல் தடவை மட்டும் மொத்தமாக ஏற்றுகிறார்கள்.

வீட்டில் வைத்திருக்கிற ஆஸ்பிரினைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இதய நோய்க்குத் தினம் போடுகிற ஆஸ்பிரினில் பெரும்பாலானவை குடலில் போய்க் கரைகிற மாதிரி மேல்பூச்சு உள்ளவை. அவசரத்தில் அதை முழுங்கினால் வேலை செய்யத் தாமதமாகும், மென்று தின்ன வேண்டும். மென்றுவிட்டு வீட்டிலேயே படுத்துப் பார்க்கலாம் என்று இருந்துவிடக் கூடாது, 108ஐக் கூப்பிட்ட பிறகுதான் மற்றதெல்லாம். ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்களும் வயிற்றில் ரத்தக்கசிவு இருக்கிறவர்களும் தொடவே கூடாது. முக்கியமாக, வாய் கோணுகிறது, ஒரு பக்கம் கை தூக்க முடியவில்லை, பேச்சு குழறுகிறது என்றால் ஒரு மாத்திரையும் கொடுக்காதீர்கள். அது மூளையில் அடைப்பாகவும் இருக்கலாம், ரத்தக்குழாய் வெடித்ததாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது, ஸ்கேன்தான் சொல்லும். ரத்தக்குழாய் வெடித்திருக்கும்போது ஆஸ்பிரின் கொடுப்பது கசிவை இன்னும் கூட்டலாம்.

இனி ஸ்டென்ட்டுக்கு வருகிறேன். 2017 பிப்ரவரியில் மத்திய அரசு விலைக்கு உச்சவரம்பு வைத்தபோது, மருந்து பூசிய ஸ்டென்ட்டின் விலை ஒரு லட்சத்துக்கு மேலிருந்து 29,600 ரூபாய்க்கு இறங்கியது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் ஸ்டென்ட் வைக்கிறார்கள். ஆகவே எங்கள் தெருவிலேயே ஸ்டென்ட் வைத்தவர்கள் நாலைந்து பேர் இருக்கிறார்கள். ஸ்டென்ட் ஒரு உலோக வலை. ரத்தத்துக்கு அது அந்நியப் பொருள். அதன் மேல் ரத்தக்குழாயின் உள்தோல் செல்கள் வளர்ந்து மூடும் வரைக்கும் தட்டணுக்கள் அதை விடாது. மருந்து பூசிய ஸ்டென்ட்டில் அந்த மருந்தே செல் வளர்ச்சியை மெதுவாக்குவதால் மூடுவதற்கு இன்னும் நாள் பிடிக்கும். அதுவரை காவலுக்குத்தான் ஆஸ்பிரினோடு இன்னொரு மாத்திரையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தவருக்கு இரட்டை மாத்திரை வழக்கமாக 12 மாதம். மாரடைப்பு வராமல், நடந்தால் நெஞ்சு அடைக்கிறது என்று ஆஞ்சியோ பார்த்து வைத்தவருக்குப் பெரும்பாலும் 6 மாதம். ரத்தக்கசிவு ஆபத்து அதிகம் உள்ளவருக்கு ஒன்று முதல் மூன்று மாதத்திலேயே ஒன்றைக் குறைக்கிறார்கள். இந்த மூவரும் ஒரே நாளில் ஒரே ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரலாம். அவர்கள் வீட்டுக்காரர்கள் வரிசையில் நின்று பேசிக்கொள்ளும்போது, "எங்க அப்பாவுக்கு ஆறு மாசத்துல நிப்பாட்டிட்டாவளே, ஒங்களுக்கு மட்டும் ஏன் இன்னும்?" என்ற பேச்சு வரும். அந்தப் பேச்சில் நிறுத்தியவர்கள் இருக்கிறார்கள். முதல் மாதத்தில் நிறுத்துவதுதான் எல்லாவற்றிலும் கொடியது. ஸ்டென்ட்டுக்குள் திடீரென்று அடைத்தால் அது பெரிய மாரடைப்பாகத்தான் வரும், பாதி வழியில் உயிர் போவதும் உண்டு.

நான் பார்த்தவரை, மாத்திரையைத் தானாக நிறுத்துவதற்குப் பெரிய காரணம் எதுவும் இருப்பதில்லை. பல் பிடுங்க வேண்டும், அட்டை தீர்ந்துவிட்டது, சம்பளம் வரட்டும், மகன் ஊரிலிருந்து வரட்டும், இவ்வளவுதான். கடைக்கு வருகிற ஒரு அண்ணாச்சி ஸ்டென்ட் வைத்து மூன்று மாதம்கூட ஆகாத நிலையில், பல் எடுக்கப் போவதற்காக ஒரு வாரமாக இரண்டு மாத்திரையையும் போடவில்லை என்று சாதாரணமாகச் சொன்னார். "ரத்தம் நிக்காதுன்னு சொன்னாவ." யார் சொன்னது என்று கேட்டேன். டீக்கடையில் சொன்னார்களாம். அங்கேயே போனைக் கொடுத்து அவருடைய இதய டாக்டரிடம் பேசவைத்தேன். அன்றைக்கே மறுபடி தொடங்கச் சொன்னார். மாத்திரையை நிறுத்தாமலே பல்லை எடுத்தார்கள். ஒரு பல், இரண்டு பல் எடுக்க இதை நிறுத்த வேண்டியதே இல்லை. பல் டாக்டர் தையல் போட்டு, பஞ்சு வைத்து அழுத்தி, தேவைப்பட்டால் டிரானெக்ஸாமிக் அமிலம் கலந்த கொப்பளிப்பு கொடுத்து ரத்தத்தை நிறுத்திவிடுவார். கொஞ்சம் கூடுதல் நேரம் கசியும், அவ்வளவே. கண்புரை ஆபரேஷனுக்கும் பொதுவாக நிறுத்தச் சொல்வதில்லை.

பெரிய ஆபரேஷன் என்றால் கதை வேறு. குளோபிடோக்ரெலை 5 நாளுக்கு முன், அதற்குப் பதிலாகச் சிலருக்குக் கொடுக்கிற பிராசுக்ரெலை 7 நாளுக்கு முன், டைகாக்ரெலரை 3 முதல் 5 நாளுக்கு முன் நிறுத்துவது வழக்கம், ஆஸ்பிரினை மட்டும் பெரும்பாலும் தொடரச் சொல்வார்கள். ஆனால் இந்த நாள் கணக்கை இங்கே படித்துவிட்டு யாரும் தானாக நிறுத்திவிடக் கூடாது. ஸ்டென்ட் எப்போது, எந்த இடத்தில் வைத்தது என்று பார்த்து, இதய டாக்டரும் ஆபரேஷன் செய்கிற டாக்டரும் பேசி முடிவு செய்ய வேண்டியது இது. தள்ளிப்போடக்கூடிய குடலிறக்கம், மூட்டு மாற்று போன்றவற்றை மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதே நல்லது என்றுகூடச் சொல்வார்கள். நிறுத்திய பிறகு என்றைக்குத் திரும்பத் தொடங்குவது என்பதைக் கேட்காமல் வந்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். ஆபரேஷன் நல்லபடி முடிந்த சந்தோஷத்தில் இதய மாத்திரை அப்படியே நின்றுபோகிறது.

இரண்டாவது மாத்திரையாக வருபவற்றில் குளோபிடோக்ரெல்தான் நம் ஊரில் அதிகம். விலையும் குறைவு. அது வயிற்றுக்குள் போனபடியே வேலை செய்யாது, ஈரலில் ஒரு நொதி அதை மாற்றிய பிறகுதான் மருந்தாகும். அந்த நொதி பிறப்பிலேயே மந்தமாக இருக்கிறவர்கள் உண்டு. தெற்காசியர்களிடம் இந்த மரபணு மாற்றம் ஐரோப்பியர்களைவிட அதிகம். அவர்களுக்கு மாத்திரை போட்டும் பாதிப் பலன்தான். 2010இல் அமெரிக்க மருந்துத் துறை இதற்காகவே மருந்துக் குறிப்பில் எச்சரிக்கை அச்சிடச் சொன்னது. நாமாகவே இன்னொரு தடையையும் போட்டுவிடுகிறோம். வயிறு எரிகிறதென்று கடையில் வாங்கிப் போடுகிற ஒமிப்ரசோல் அதே நொதியை மட்டுப்படுத்துகிறது. குளோபிடோக்ரெல் போடுகிறவர் அமில மாத்திரை வேண்டுமென்று கேட்டால் நான் ஒமிப்ரசோல் எடுத்துக் கொடுப்பதில்லை, டாக்டரிடம் கேட்டு பான்டோப்ரசோல் வாங்கச் சொல்கிறேன்.

டைகாக்ரெலர் நேராகவே வேலை செய்யும், வேகமாகவும் செய்யும். ஆனால் அதன் பிடி நிரந்தரமில்லை, அதனால் காலையும் இரவும் என்று இரண்டு வேளை. ஆஸ்பிரினோ குளோபிடோக்ரெலோ ஒருநாள் மறந்தால் பழைய தட்டணுக்கள் இன்னும் முடங்கியே இருக்கும். டைகாக்ரெலரில் இரண்டு மூன்று வேளை தவறினால் காவல் இறங்கிவிடும். இதில் இன்னொரு விஷயம் மூச்சு முட்டல். 2009இல் வந்த பிளாட்டோ ஆய்வில் ஏறக்குறைய 14 சதவீதம் பேருக்கு அது இருந்தது. இதயத்துக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று அலறிப்போய் ஓடுகிறவர்கள் உண்டு, மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடுகிறவர்களும் உண்டு. டாக்டரிடம் சொன்னால் பார்த்துவிட்டு, தேவையானால் வேறு மாத்திரைக்கு மாற்றுவார். பிராசுக்ரெல் இன்னும் வலுவானது. முன்னால் பக்கவாதம் வந்தவர்களுக்கு அது கூடவே கூடாது, 75 வயது தாண்டியவர்களுக்கும் 60 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கும் மிகவும் யோசித்துத்தான் கொடுப்பார்கள். நம் ஊர்ப் பெண்களில் எத்தனை பேர் 60 கிலோவுக்குள் இருக்கிறார்கள் என்று பாருங்கள்.

ரத்தக்கசிவு என்றதும் எல்லோரும் எதிர்பார்ப்பது மூக்கிலிருந்தும் ஈறிலிருந்தும் வருவதை. கையில் லேசாக இடித்தாலே கருநீலத் திட்டு விழுவதும் சகஜம். இவை தொல்லை, பெரும்பாலும் ஆபத்தில்லை. ஆபத்து வயிற்றில் சத்தமில்லாமல் நடப்பது. வயிற்றின் உள்தோலைக் காப்பாற்றுகிற ஒரு பொருளும் அதே காக்ஸ்-1 நொதி வழியாகத்தான் உண்டாகிறது. ஆஸ்பிரின் அதையும் கெடுக்கிறது. பக்கத்தில் இன்னொரு மாத்திரை தட்டணுவை அடக்கி வைத்திருப்பதால் புண்ணிலிருந்து கசிந்த ரத்தம் நிற்பதில்லை. அது குடலில் செரித்து, தார் மாதிரி கறுப்பாக, ஒட்டுகிற மலமாக, பொறுக்க முடியாத நாற்றத்தோடு வரும். இரும்புச்சத்து மாத்திரை போட்டாலும் மலம் கறுக்கும். ஆனால் அதில் அந்த ஒட்டலும் நாற்றமும் இராது. வயதானவர்கள் இதை வீட்டில் சொல்ல மாட்டார்கள், கூச்சம். "அப்பா ரெண்டு நாளா எந்திரிச்சாலே தலை சுத்துதுங்காவ, சத்து டானிக் ஏதாவது குடுங்கக்கா" என்று மகள் வந்து நிற்பாள். இரண்டு தட்டணு மாத்திரை போடுகிற வீடு என்று தெரிந்தால் டானிக்கை எடுப்பதற்கு முன் மலத்தின் நிறத்தைக் கேட்கிறேன். கடையில் நின்று கேட்கிற கேள்வி இல்லைதான். கேட்டுத்தான் ஆக வேண்டும்.

இதில் என்னைக் கோபப்படுத்துகிறது மூட்டுவலி மாத்திரை. டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் எல்லாம் வயிற்றை அதே வழியில் அடிக்கின்றன. ஸ்டென்ட் வைத்த வயதில்தான் முழங்காலும் வலிக்கும். இதயத்துக்கு ஒரு டாக்டர், முழங்காலுக்கு இன்னொரு டாக்டர், முதல் சீட்டை இரண்டாமவர் பார்ப்பதே இல்லை. டாக்டர் சீட்டே இல்லாமல், "வலிக்கு ரெண்டு மாத்திரை குடு" என்றால் கொடுக்கிற கடைகளும் இருக்கின்றன. எங்கள் தொழிலில் இருக்கிற எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன், "ஹார்ட் மாத்திரை ஏதும் போடுதியளா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் கொடுங்கள். ஐபுபுரூஃபன் இன்னொரு கெடுதலும் செய்கிறது. ஆஸ்பிரின் ஒட்ட வேண்டிய இடத்தில் முன்னாலேயே போய் உட்கார்ந்துகொண்டு அதை வேலை செய்யவிடாது. இவர்களுக்கு வலிக்குப் பாராசிட்டமால்தான் முதல் தேர்வு.

கூட்டு மாத்திரைகளாலும் தொந்தரவு வருகிறது. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் மூன்றும் ஒன்றாக வருகிற மாத்திரையை ஒரு டாக்டர் எழுதுகிறார். வேறு ஊரில் பார்த்த டாக்டர் தனித்தனியாக எழுதுகிறார். இரண்டு சீட்டையும் வைத்துக்கொண்டு இரண்டையும் போடுகிறார்கள். பெயர் வேறு, நிறம் வேறு, அட்டை வேறு என்பதால் ஒரே மருந்து இரண்டு முறை உள்ளே போவது தெரிவதே இல்லை. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் மாத்திரை டப்பாவை மொத்தமாக ஒருநாள் கொண்டுவந்து கடையில் காட்டுங்கள். அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருப்பதைப் படித்துப் பிரித்துச் சொல்வது எங்கள் வேலை. அதற்குக் காசு கிடையாது. ஆஸ்பிரின் மாத்திரை காடி மாதிரி வாசம் அடித்தால் ஈரம் பட்டுக் கெட்டுவிட்டது என்று அர்த்தம், அதையும் எறிந்துவிடுங்கள்.

75 வயதுக்கு மேலானவர்கள், சிறுநீரகம் பழுதானவர்கள், ஹீமோகுளோபின் 11க்குக் கீழே இருக்கிறவர்கள், முன்னொரு தடவை வயிற்றில் ரத்தம் கசிந்தவர்கள், இவர்களுக்கெல்லாம் ரத்தக்கசிவு ஆபத்து கூடுதல். இவர்கள் குளியலறையில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டால், வெளியே காயமே இல்லாவிட்டாலும், நன்றாகப் பேசினாலும், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரைப் பேரைச் சொல்லுங்கள். மண்டைக்குள் மெதுவாகக் கசிகிற ரத்தம் சில மணி நேரம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். டெங்கு காய்ச்சல் வந்தால் தட்டணு ஏற்கெனவே குறைந்திருக்கும், மிச்சம் இருக்கிறதையும் இந்த மாத்திரை முடக்கி வைத்திருக்கும். அப்போது தொடர்வதா நிறுத்துவதா என்பதை எண்ணிக்கையையும் ஸ்டென்ட்டின் வயதையும் வைத்து டாக்டர் தினம் தினம் முடிவு செய்ய வேண்டியிருக்கும். இவர்கள் காய்ச்சலோடு வீட்டிலேயே இருந்து பார்க்கக் கூடாது.

தேதி தாண்டிப் போகிறவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். லேசான பக்கவாதம் வந்து உடனே சரியாகிறவர்களுக்கு முதல் சில வாரங்களில் மறுபடி வருகிற ஆபத்து அதிகம். 2013இல் சீனாவில் 5,170 பேரை வைத்துச் செய்த சான்ஸ் ஆய்வில், முதல் 21 நாள் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்த்துக் கொடுத்து, பிறகு ஒன்றை மட்டும் தொடர்ந்தார்கள். 90 நாளுக்குள் பக்கவாதம் வந்தவர்கள் 11.7 சதவீதத்திலிருந்து 8.2 சதவீதமாகக் குறைந்தார்கள். இன்றைக்கு இங்கேயும் அதே முறையில்தான் சீட்டு எழுதுகிறார்கள். ஆனால் அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் இரண்டையும் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பக்கவாதத்துக்கு இரண்டையும் நீண்ட நாள் போட்டால் கூடுதல் பாதுகாப்பு கிடைப்பதில்லை, ரத்தக்கசிவுதான் கூடுகிறது என்று 2004லேயே மேட்ச் ஆய்வு காட்டிவிட்டது. ஸ்டென்ட் வைத்து ஐந்தாவது வருஷமும் இரட்டை மாத்திரை வாங்கிக்கொண்டிருந்த ஒருவரை அவருடைய டாக்டரிடம் திருப்பி அனுப்பினேன். ஒன்றை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்தார். சிலருக்கு டாக்டர் வேண்டுமென்றேதான் நீட்டியிருப்பார், அதுவும் உண்டு. அதனால் நிறுத்துங்கள் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை, போய்க் கேளுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

இதயத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு இடத்திலும் இந்த மாத்திரை வருகிறது. மாசமாக இருக்கிற மருமகளுக்கு ஆஸ்பிரின் எழுதியிருப்பதைப் பார்த்து ஒரு அத்தை கடையிலேயே சண்டைக்கு வந்தார். "வயித்துப் பிள்ளைக்காரிக்கு ஹார்ட் மாத்திரையா?" கர்ப்பகால ரத்த அழுத்த நோய் வரக்கூடும் என்று கணிக்கப்பட்ட பெண்களுக்கு 16 வாரத்துக்கு முன்பே சிறு அளவு ஆஸ்பிரின் தொடங்கினால் நஞ்சுக்கொடியின் ரத்தக்குழாய்கள் நல்லபடி அமைய உதவுகிறது. 2017இல் வந்த ஆஸ்ப்ரே ஆய்வில், மாதம் நிறைவதற்கு முன்பே முற்றுகிற வகை 4.3 சதவீதத்திலிருந்து 1.6 சதவீதமாகக் குறைந்தது. இரவில் ஒரு மாத்திரை, 36 வாரம் வரைக்கும். அத்தையிடம் அந்தத் தேதியைச் சீட்டிலேயே காட்டியதும் வாங்கிப் போனார். இந்த மாத்திரையில் நான் பார்த்த தெளிவான சீட்டுகள் மகப்பேறு டாக்டர்களுடையவைதான், முடிவுத் தேதியும் சேர்த்து எழுதுகிறார்கள்.

கடைசியாக, ஒரு நோயும் இல்லாதவர்கள். "நாப்பது தாண்டிட்டு, முன்னெச்சரிக்கையா ஒரு ஆஸ்பிரின் போடட்டா?" என்று வாரத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள். நண்பனுக்கு அட்டாக் வந்த செய்தி கேட்டுப் பயந்து வருகிறார்கள், அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் 19,114 முதியவர்களை வைத்துச் செய்த ஆஸ்ப்ரீ என்ற ஆய்வின் முடிவு 2018இல் வந்தது. அதுவரை மாரடைப்போ பக்கவாதமோ வராதவர்கள், பெரும்பாலும் 70 வயதுக்கு மேலானவர்கள். ஆஸ்பிரின் போட்டவர்கள் கூடுதல் நாள் நலமாக வாழவில்லை. பெரிய ரத்தக்கசிவு 38 சதவீதம் கூடியது. 2022இல் அமெரிக்காவின் நோய்த்தடுப்பு வல்லுநர் குழு, 60 வயதைத் தாண்டியவர்கள் மாரடைப்பு வராமலிருக்க என்று புதிதாக ஆஸ்பிரின் தொடங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது. நாற்பதுகளில், ஐம்பதுகளில் இருக்கிறவர்களுக்கு டாக்டர் ஒவ்வொருவராகப் பார்த்து முடிவு செய்யலாம். அட்டாக்கோ பக்கவாதமோ ஸ்டென்ட்டோ உள்ளவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அவர்களுக்கு ஆஸ்பிரின் காப்பாற்றுகிறது.

ஏற்கெனவே பல வருஷமாகச் சர்க்கரை மாத்திரையோடு ஆஸ்பிரினும் வாங்கிப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றைக்கே நிறுத்த வேண்டாம். எந்தக் காரணத்துக்காக ஒருகாலத்தில் எழுதினார்கள் என்பது உங்களுக்கே மறந்திருக்கலாம், டாக்டரின் பழைய குறிப்பில் இருக்கும். வருகிற மாதம் பிரஷர் பார்க்கப் போகும்போது அட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு போய், "எனக்கு அட்டாக்கும் வந்ததில்லை, ஸ்டென்ட்டும் இல்லை, இது இன்னும் வேணுமா டாக்டர்?" என்று கேளுங்கள்.